சி.என்.சி. ரூட்டருக்கு ‘சீரோ செட்டிங்’ என்று தனிக்காசு கேட்கிறார்களா? கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவு, ஓவியச் சட்டம் என்று மரவேலை செய்கிறவர்கள் 3018 வகை (சுமார் 30×18 செ.மீ. பரப்பில் வேலை செய்யும்) சின்ன சி.என்.சி. ரூட்டர், அதாவது கணினி சொல்லும் பாதையில் மரம் செதுக்கும் மெஷின், வாங்குவதாக இருந்தால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான். டெல்டாவில் உள்ள ஒரு விற்பனையாளர் எங்கள் பட்டறைக்குக் கொடுத்த மெஷினுக்கு ‘முழு செட்டிங்’ என்று தனியாக 3,500 ரூபாய் வாங்கினார். அந்த செட்டிங்கில் மூன்று அச்சிலும் (இடவலம் எக்ஸ், முன்பின் ஒய், மேல்கீழ் இசட்) சீரோ, அதாவது அளவு தொடங்கும் புள்ளி, தப்பு.

முதலில் இசட். உடன் கொடுத்த புரோப் தட்டின் (மரத்தின் மேல் வைத்து, பிட் தொட்டதும் உயரத்தைக் காட்டும் உலோகத் தட்டு) கனம் 20 மி.மீ. என்று சொல்லி, மேக்ரோவிலும் (வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) 20 என்றே போட்டிருந்தார்கள். வெர்னியர் வைத்து அளந்தால் 14.8. பிட் (செதுக்கும் முனை) தட்டைத் தொடும்போது மரத்திலிருந்து 14.8 மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, கண்ட்ரோலரோ 20 என்று நம்புகிறது. ஆகவே மேல்பரப்புக்கு வருவதாக நினைத்து 5.2 மி.மீ. மரத்துக்குள் இறங்கும். 1 மி.மீ. ஆழம் கேட்டால் 6.2 போகும். 12 மி.மீ. பலாப் பலகையில் பாதி ஆழத்துக்கு மேல் குத்தி, வி-பிட்டின் முனை முறிந்தது. கனம் குறைவாகப் பதிவாகியிருந்தால் பிட் காற்றில்தான் ஓடும், நஷ்டம் இல்லை. அதிகமாகப் பதிவானால்தான் பிட்டும் மரமும் சேர்ந்து போகும்.

மேக்ரோ இந்த வரிசையில் இருக்க வேண்டும்: ஜி91 (நிற்கும் இடத்திலிருந்து அளந்து நகர்), ஜி38.2 இசட்-25 எஃப்50 (தட்டைத் தொடும்வரை மெதுவாக இறங்கு), ஜி10 எல்20 பி1 இசட்14.8 (அந்த உயரத்தைப் பதி), ஜி0 இசட்5 (5 மி.மீ. மேலே ஏறு), கடைசியில் ஜி90 (மறுபடி சீரோவிலிருந்து அளந்து நகர்). இசட்14.8 இருக்கும் இடத்தில் உங்கள் தட்டை நீங்களே அளந்த எண் வரவேண்டும். அந்தக் கடைசி ஜி90 விட்டுப்போனால் அடுத்த நகர்வு முழுக்கத் தாறுமாறாகும். புரோப் ஒயரின் கிளிப்பை ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) உடம்பில் மாட்டாதீர்கள், பேரிங்கில் இருக்கும் கிரீஸ் மின்தொடர்பைத் தடுத்துவிடும். பிட்டின் மேலேயே மாட்டுங்கள். கருப்பு, நீலம் என்று அனோடைஸ் செய்த அலுமினியத் தட்டின் பரப்பில் மின்சாரம் பாயாது, மல்டிமீட்டரில் பீப் கேட்கிறதா என்று பாருங்கள். முதல் முறை ஓட்டும்போது தட்டைக் கையில் பிடித்து, பிட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதைத் தொடச் செய்யுங்கள். பிட் இறங்குவது சட்டென்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே ரீசெட் அழுத்துங்கள். ஒயரைப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் தட்டை மரத்தின் மேல் வைக்க வேண்டும்.

எக்ஸ், ஒய் தப்பு சின்னதுதான், ஆனால் ஓவியச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியும். 3.175 மி.மீ. பிட் மரத்தின் இடது ஓரத்தைத் தொட்டதும் அங்கேயே எக்ஸ் 0 வைத்திருந்தார்கள். பிட்டின் மையம் அப்போது ஓரத்துக்கு வெளியே 1.59 மி.மீ. தள்ளி நிற்கிறது, எக்ஸ்-1.59 என்றுதான் பதிய வேண்டும். ஒய்க்கும் அப்படியே.

மூன்றாவதுதான் பெரிய மோசம். விளம்பரத்தில் ‘ஹோமிங் வசதி உண்டு’ என்று இருந்தது. ஹோமிங் என்றால் மெஷின் தானே ஒரு நிலையான மூலைக்குப் போய்த் தன் இடத்தை அறிந்துகொள்வது. போர்டில் அதற்கான பின்கள் இருந்தன. அந்த மூலையை உணர்த்தும் லிமிட் சுவிட்ச் ஒன்றுகூட இல்லை. அமைப்புகளைக் காட்டும் $$ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் $22=0. ஹோமிங் கட்டளையான $எச் கொடுத்தால் எரர் 5 வருகிறது, அதாவது ஹோமிங்கே இயக்கப்படவில்லை. போதாததற்கு ஜி92 என்ற தற்காலிகக் கட்டளையை வைத்து சீரோ போட்டிருந்தார்கள். ஜி92 மின்சாரம் போனதும் அழிந்துவிடும்.

நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி இடிமழையில் திடீரென்று போகும் கரண்டை யார் சொல்வார்கள்? ஹோமிங் இல்லாத மெஷினை மறுபடி ஆன் செய்தால் பிட் நிற்கும் இடத்தையே புதிய தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். பாதி செதுக்கிய பலகை வீண். ஜி10 எல்20 மூலம் ஜி54-இல் (வேலையின் சீரோவைச் சேமிக்கும் இடம்) பதிந்த சீரோ நினைவகத்தில் நிற்கும் என்பது உண்மை, ஆனால் ஹோமிங் இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதைக் கேட்டபோது வந்த பதில்: “சார், கரண்ட் போனா எல்லா மெஷினும் இப்படித்தான். கையால நகர்த்தி வச்சுக்கோங்க.” இது பச்சைப் பொய். சுவிட்ச் இருக்கும் மெஷினில் $எச் கொடுத்தால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். (பிட் மரத்துக்குள் நிற்கும்போது மட்டும், முதலில் இசட் திருகைக் கையால் சுற்றி வெளியே எடுத்துவிட்டு $எச் கொடுங்கள்.)

எனவே கடையிலேயே, பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். பலகையில் பென்சிலால் கூட்டல் குறி போட்டு, வி-பிட் முனையை அதன் நடுவில் நிறுத்தி சீரோ பதியச் சொல்லுங்கள். மெஷினை அணைத்து, கையால் கொஞ்சம் நகர்த்தி, ஆன் செய்து $எச் கொடுக்கட்டும். பிறகு ஜி0 இசட்5, அதன் பின் ஜி0 எக்ஸ்0 ஒய்0. முனை அதே குறியின் மேல் நிற்க வேண்டும். ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள். ‘நேரமில்லை’ என்றால் அங்கே வாங்க வேண்டாம்.

புரோப் தட்டே வேண்டாம் என்பவர்கள் ஏ4 தாளை நம்பலாம். சுமார் 0.1 மி.மீ. கனம், 0.05 மி.மீ. படியாக இறக்கி, தாள் இழுபடத் தொடங்கியதும் இசட் 0.1 என்று பதியுங்கள். பிட் மாற்றும் ஒவ்வொரு முறையும் இசட் மட்டும் மறுபடி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அடியில் போட்ட எம்.டி.எஃப். பலகை ஊதிப் பொங்கும், அதையும் சீவி மட்டமாக்குங்கள்.

எங்களுக்குத் தந்த பில்லில் ‘மெஷின் 1’ என்று மட்டும்தான் இருந்தது. அதனால் ஹோமிங் சொல்லித்தான் விற்றார்கள் என்று காட்ட கையில் ஆதாரம் இல்லை. நீங்கள் ‘லிமிட் சுவிட்ச் இத்தனை, ஹோமிங் இயங்கும் நிலையில், புரோப் தட்டு கனம் இவ்வளவு’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவர்களும் அங்கே போகலாம்.