ஒரு கொக்கு, நான்கு கருவிகள்: சொந்தப் படத்தை வால்பேப்பர் ஆக்குவது எதில் எளிது?

ஆழமில்லாத தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு ஒன்றைப் படமெடுத்து வைத்திருந்தேன். கேமராவில் எடுத்த படுக்கைவாட்டுப் படம், 6000×4000 பிக்சல். கொக்கு இடப்பக்கம் நிற்கிறது. தலைக்கு மேல் கொஞ்சம்போல மங்கலான தண்ணீர். இதை போனிலும் லேப்டாப்பிலும் வால்பேப்பராக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேப்டாப்பில் சிக்கலே இல்லை. அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருக்கும் திரைக்கு 6000×3375 போதும். உயரத்தில் 625 பிக்சலை வெட்டினால் முடிந்தது. போன்தான் படுத்தியது. என் போன் திரை 1080×2400, அதாவது 9:20. படத்தின் முழு உயரத்தையும் எடுத்துக்கொண்டாலும் அகலத்தில் 1800 பிக்சல்தான் மிஞ்சும், பத்தில் மூன்று பங்கு. போனால் போகட்டும் என்று பார்த்தால், பூட்டுத் திரையின் கடிகாரம் சரியாகக் கொக்கின் அலகு மேல் வந்து உட்கார்கிறது. தலைக்கு மேல் இன்னும் தண்ணீர் வேண்டும், படத்தில் இல்லை.

போனிலேயே இருக்கும் வால்பேப்பர் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு விரலால் பெரிதாக்கலாம், நகர்த்தலாம், கடிகாரம் எங்கே வரும் என்று அங்கேயே பார்க்கலாம். கேலரியில் இருக்கும் பெரும்பாலான படங்களுக்கு இதுவே போதும். இல்லாத தண்ணீரை மட்டும் அது தராது.

அப்புறம் ஸ்னாப்சீட். போனில் படங்களைத் திருத்த உதவும், 2012-இல் கூகுள் வாங்கிய செயலி, இலவசம். இதில் 'செலக்டிவ்' என்ற கருவிக்காகவே நான் இதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். வெளிச்சம் அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, விரலை இடப்பக்கம் இழுத்தால், அந்த இடமும் அதே நிறத்தில் அருகில் இருப்பதும் மட்டும் இருளும். ஐகான்களின் எழுத்து தெரியாமல் கண் கூசும் படங்களுக்கு இதைவிட விரைவான வைத்தியம் எனக்குத் தெரியாது. படத்தின் ஓரங்களை நீட்டும் 'எக்ஸ்பாண்ட்' கருவியும் உண்டு. பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதுவே நிரப்பிக்கொள்ளும். ஆனால் கொஞ்சமாக நீட்டினால்தான் அழகு; நிறைய நீட்டினால் ஒரே அலை இரண்டு மூன்று முறை தலைகாட்டும். என்னிடம் இருக்கும் பதிப்பின் வெட்டும் கருவியில் 16:9 இருக்கிறது, 9:20 இல்லை. கண்ணளவில்தான் வெட்ட வேண்டும்.

கணினியில் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் அந்தக் கண்ணளவு வேலை கிடையாது. விகிதத்தில் 9:20 என்று அடித்துவிட்டால் வெட்டும் சட்டம் அதை விட்டு நகராது. ஆனால் எனக்குக் கைகொடுத்தது அது இல்லை, கண்ணாடித் தாள்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்க உதவும் லேயர்கள். பூட்டுத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கொக்குப் படத்தின் மேல் தனி லேயராகப் போட்டு, பாதி ஒளிபுகும்படி வைத்தேன். கடிகாரம் எது வரை வருகிறது என்று கோடு போட்டதுபோல் தெரிந்துவிட்டது. சரி, இனித் தண்ணீர். படத்தின் பரப்பை மேல்பக்கம் 600 பிக்சல் கூட்டினேன். உச்சியிலிருந்த 300 பிக்சல் பட்டையைத் தேர்ந்தெடுத்து, 900 வரை மேல்நோக்கி இழுத்தேன். மங்கலான தண்ணீர் என்பதால் இழுத்தது தெரியவில்லை. இலைகளோ செங்கல் சுவரோ இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இப்போது உயரம் 4600, வெட்டிய அகலம் 2070. அதை 1080×2400-க்குச் சுருக்கியபோது மிச்சமிருந்த தடயமும் மறைந்துபோனது. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

கிம்ப்புக்குப் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்தக் கோப்பு வகையில்தான் சேமிக்கும், போன் அதைத் திறக்காது. 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும். அப்போது பிஎன்ஜி வகையில் எடுங்கள். வானம், தண்ணீர் என்று ஒரே நிறம் மெல்ல மாறும் இடங்களை ஜேபெக் அழுத்திச் சுருக்கும்போது பட்டை பட்டையாகத் தெரிய வாய்ப்புண்டு.

போட்டோஷாப்பில் இந்த அரை மணி நேர வேலை அரை நிமிடம். வெட்டும் சட்டத்தைப் படத்துக்கு வெளியே இழுத்துவிட்டு நிரப்பச் சொன்னால் போதும். 2023 முதல் செயற்கை நுண்ணறிவு அதைச் செய்கிறது. இலையோ செங்கலோ, அதற்கு ஒரு பொருட்டில்லை. திறமையில் மற்ற மூன்றும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் வால்பேப்பருக்காக மட்டும் சந்தா கட்டுவது எனக்கு அதிகப்படியாகத் தெரிகிறது. இன்னொன்று, என் சொந்தப் பிடிவாதம்: நான் பார்க்காத நாணலை அது கரையில் முளைக்கவைத்தால், அது நான் எடுத்த படமா என்ற உறுத்தல் வந்துவிடும். இழுத்து நீட்டிய தண்ணீராவது நான் பார்த்த தண்ணீர். வேலைக்காக ஏற்கெனவே போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை.

போனில் இப்போது இருப்பது கிம்ப்பில் செய்த கொக்கு. லேப்டாப்பில், சிக்கலே இல்லை என்றேனே, அங்கேதான் கடைசியில் ஒரு கூத்து. வழக்கமான இடத்தில் இருந்த குப்பைத்தொட்டி ஐகான் கொக்கின் தலைக்கு மேல் தொப்பிபோல் நின்றது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன், ஒரே சொடுக்கு வேலைதான். ஆனால் அது நான் அன்று பார்த்த கொக்காகத் தெரியவில்லை. படத்தைப் பழையபடி வைத்துவிட்டு, ஐகான்களையெல்லாம் வலப்பக்கம் ஓட்டிவிட்டேன்.