பசும்பாலுக்கு மாற்றாக மூன்று தாவரப் பால்கள்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பால் குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்பி, இரைச்சலும் பிடிப்புமாகத் தொல்லை தருவது வாடிக்கையாகிவிட, பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை எனக்குச் செரிப்பதில்லை என்று மருத்துவர் உறுதிசெய்தார். அதைச் சிதைக்கும் லாக்டேஸ் நொதி வயது ஏற ஏறப் பலருக்கும் குறைந்துவிடுகிறது. லாக்டோஸே இல்லாத தாவரப் பாலுக்கு மாறிய இரண்டாம் வாரத்தில் என் வயிறு அமைதியடைந்தது.

முதலில் வாங்கிய பாதாம் பால் மணமாக இருந்தது. ஆனால் 240 மில்லி பசும்பாலில் சுமார் 8 கிராம் புரதம் இருக்க, இதில் ஏறத்தாழ 1 கிராமே இருப்பதைக் கண்டபோது மனம் ஒப்பவில்லை.

புரதத்தில் பசும்பாலை நெருங்குவது சோயா பால்தான். சூடான காபியில் ஊற்றிய முதல் நாள் அது திரிந்து, வெண்துணுக்குகளாக மிதந்தது. காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரித்துவிடுகின்றன என்பதை அறிந்தபின், பாலைத் தனியே இளஞ்சூடாக்கி, காபியைச் சற்று ஆறவிட்டுக் கலக்கிறேன், இப்போது திரிவதில்லை.

காபிக்கு மிகவும் இசைவது ஓட்ஸ் பால். எனினும் தயாரிப்பின்போது நொதிகள் மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றுவதால், சர்க்கரை சேர்க்காத வகையும் இனிக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

காலியான பெட்டி ஒன்றை வெட்டிப் பார்த்தேன்: சேர்க்கப்பட்ட கால்சியம் அடியில் சுண்ணாம்புபோல் படிந்திருந்தது. அன்றுமுதல் நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்றுகிறேன். கால்சியமும் பி12 வைட்டமினும் சேர்க்கப்படாத பெட்டியை வாங்குவதே இல்லை.