துணிக்கடையில் நிற்பவர்களுக்கு: பிளாஸ்டிக் ஸ்டூலா, மடக்கு இருக்கையா, உயர ஸ்டூலா?

திண்டுக்கல்லில் எங்களுடையது நடுத்தரமான ஜவுளிக்கடை. விற்பனையில் 11 பேர், அதில் 9 பேர் பெண்கள். அவர்கள் உட்காருவதற்காக ஒன்றரை வருடத்தில் மூன்று விதமான இருக்கைகளை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். இப்போது நிலைத்திருப்பது உயர ஸ்டூல்தான். அதன் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

உட்கார இடம் தர வேண்டுமா என்பதில் பேச ஒன்றுமில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டி விஜி போன்றவர்கள் பல வருடம் போராடியதால் 2018இல் கேரளம் முதலில் இதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். காரணமும் தெரிந்ததுதான். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற ஆடுசதை சுருங்கி விரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும், பாதம் வீங்கும், நாளாக ஆக நரம்பு சுருட்டிக்கொள்ளும். சரி, அந்தத் ‘தகுந்த இருக்கை’ எது?

முதலில் எல்லோரையும் போல பிளாஸ்டிக் ஸ்டூல் ஆறு வாங்கினோம். விலை குறைவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், கழுவினால் புதுசு. இரண்டே வாரத்தில் அதன்மேல் நைட்டி பண்டல்கள் ஏறிவிட்டன. எனக்குப் பயந்து உட்காரவில்லையோ என்று நினைத்து, “உட்காருங்கம்மா, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்” என்று இரண்டு முறை சொன்னேன். அப்பா காலத்திலிருந்து சேலைப் பிரிவில் இருக்கும் அக்காதான் விஷயத்தை உடைத்தார். “உட்கார்ந்து உட்கார்ந்து எந்திரிக்கிறதுக்கு, நிக்கிறதே பரவாயில்ல தம்பி.”

மறுநாள் பாதி நாள் நானே கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். ஸ்டூல் 18 அங்குலம், கவுண்டர் 36 அங்குலம். உட்கார்ந்தால் கழுத்துக்கு மேல்தான் வெளியே தெரிகிறது. ஆள் வந்தால் முட்டியில் கையை ஊன்றி எழ வேண்டும். அவர் பார்த்துவிட்டு நகர்ந்ததும் மறுபடி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை இது நடக்கும். மூட்டு வலி உள்ளவருக்கு ஒவ்வொன்றும் ஒரு மூட்டையைத் தூக்குகிற மாதிரி. மதியத்துக்குள் நானும் நின்றுவிட்டேன். விலை, உழைப்பு, இட வசதி எல்லாம் அப்புறம். எழுந்திருப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் ஒரு இருக்கை பயன்படுமா, பண்டல் சுமக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சுவரில் பொருத்தும் மடக்கு இருக்கை இரண்டு போட்டோம். வழியை அடைக்காது, அது நல்ல விஷயம். ஆனால் எங்கள் கவுண்டருக்குப் பின்னால் முழுக்க ரேக். தூணில்தான் பொருத்த முடிந்தது. உட்கார வேண்டுமென்றால் தன் பிரிவை விட்டு நகர்ந்து போக வேண்டும், யாரும் போகவில்லை. கீலும் நாலு மாதத்தில் ஆட்டம் கண்டது. மாடியில் நாற்காலிகளோடு ஓய்வறையும் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்கு அருமை. வேலைக்கு நடுவே அது உதவாது.

உயர ஸ்டூலை பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தோம். உயரம் 26 அங்குலம், கால் வைக்கக் கீழே ஒரு வளையம், மேலே ரெக்ஸின் குஷன். இதில் உட்காருவது பாதி சாய்ந்து நிற்கிற மாதிரிதான். ஒரு கால் வளையத்தில், ஒரு கால் தரையில். ஆள் வந்ததும் காலைக் கீழே வைத்தால் போதும், நின்றாயிற்று. பல நேரம் உட்கார்ந்தபடியே சேலையை விரித்துக் காட்டுகிறார்கள். முகம் வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராகவே இருப்பதால் அலட்சியமாக உட்கார்ந்திருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. “வந்தவங்க நிக்கையில நாம உட்காரலாமா” என்று அம்மா முதலில் தயங்கினார். ஜமுக்காளம் விரித்த மேடையில் விற்பவரும் உட்கார்ந்து, வாங்குபவரும் உட்கார்ந்து சேலை பார்த்த காலம் அவருக்கே நினைவிருக்கிறது. கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகுதான் எல்லோரும் நிற்கத் தொடங்கினோம்.

செலவு பிளாஸ்டிக்கைப் போல நான்கு மடங்கு. ஸ்டூல் காலின் அடியில் மாட்டும் புஷ் தேய்ந்தால் டைல்ஸில் கோடு விழும். நாலு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம், சில்லறைச் செலவுதான்.

குறைகளும் உண்டு. முதுகுச் சாய்வு இல்லை. இடுப்பு வலி இருப்பவருக்கு இது சரிவருமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கர்ப்பிணியாக இருந்த ஒரு தங்கைக்கு இதைத் தரவில்லை, கைப்பிடி நாற்காலி போட்டு பில்லிங்குக்கு மாற்றினோம். குள்ளமான இருவருக்கு உயரம் எட்டவில்லை, அவர்களுடையதை 24 அங்குலமாக அறுத்துக் கொடுத்தார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் வாங்கினோம், தீபாவளிக் கூட்டத்தை இது இன்னும் பார்க்கவில்லை. அப்போது பாதியை எடுத்துவிட்டு, கால் மணி நேரம் மாற்றி மாற்றி உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். கால் வீக்கம் குறைந்ததா என்று அளந்து பார்க்கவும் இல்லை. ராத்திரி காலுக்கடியில் தலையணை வைக்காமல் தூங்குகிறேன் என்று சேலைப் பிரிவு அக்கா சொன்னார். எனக்கு இப்போதைக்கு அதுதான் கணக்கு.

கவுண்டருக்குப் பின்னால் இரண்டடிக்கும் குறைவாக இடம் உள்ளவர்கள் மடக்கு இருக்கையையே பாருங்கள், அவரவர் பிரிவிலேயே பொருத்த முடிந்தால் மட்டும். உயர ஸ்டூல் செய்பவர்கள் கால் வளையத்துக்கு உருண்டைக் குழாய் போடச் சொல்லுங்கள். எங்கள் முதல் மூன்றில் சதுரக் குழாய் போட்டுவிட்டார்கள், வெறுங்காலில் வைத்தால் உள்ளங்காலில் விளிம்பு வெட்டுகிறது. இப்போது சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறோம்.