பொடிப்பனிக்கு அகன்ற ஸ்கீ: 108, 112, 120 ஆகியவற்றில் யாருக்கு எது?

பொடிப்பனிக்கென்று, அதாவது புதிதாக விழுந்த இளகிய பனிக்கென்று, அகன்ற ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பலகையின் இடை, அதாவது நடுப்பகுதியின் அகலம், எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான். எண் பெரிதானால் மிதக்கும், சிறிதானால் புதையும் என்ற கணக்கு பாதிதான் சரி. ஒரே பலகை அறுபது கிலோ ஆளுக்குத் தெப்பமாகவும், தொண்ணூற்றைந்து கிலோ ஆளுக்கு மண்வெட்டியாகவும் ஆகிவிடும். ஆகவே இந்த அலசல் பலகையிலிருந்து அல்ல, அதன்மேல் நிற்கிற ஆளிலிருந்து தொடங்குகிறது.

ஒப்பீட்டுக்கு மூன்று பலகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஃபோல்க்ல் கட்டானா 108, சாலமன் க்யூஎஸ்டி பிளாங்க், அடாமிக் பென்ட் செட்லர் 120 ஆகியவை அவை. இடை அகலம் முறையே 108, 112, 120 மி.மீ. கட்டானாவில் டைட்டானல் என்ற அலுமினியக் கலவை உலோகம் விளிம்பை ஒட்டிச் சட்டம்போல ஓடுகிறது. பிளாங்கில் மரமே முதன்மை. அதிர்வைக் குறைக்க முனையிலும் வாலிலும் தக்கை வைத்திருக்கிறார்கள். பென்ட் செட்லர் எடை குறைந்த மரத்தால் ஆனது. முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பதோடு, அவற்றின் பக்க ஓரங்களும் படகின் அடிபோல மேலே ஏறியிருக்கும். நடுத்தர நீளத்தில் முதல் இரண்டும் ஒரு பலகைக்கு இரண்டு கிலோவைத் தாண்டும். மூன்றாவது அதற்குள் அடங்கும்.

பத்து கிலோ உடையும் பூட்ஸும் பையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது கிலோ ஆள் 177 செ.மீ. கட்டானாவில் நின்றால், இரண்டு பலகைகளின் மொத்தப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தோராயமாக 16 கிராம் சுமை விழுகிறது. அவரே 176 செ.மீ. பென்ட் செட்லருக்கு மாறினால் அது பதினைந்தரைக்கு அருகில் வரும், அவ்வளவுதான். இடையில் 12 மி.மீ. கூடினாலும் முனையும் வாலும் அதே அளவுக்கு அகலமாவதில்லை என்பதால், மொத்தப் பரப்பு ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் வளர்வதில்லை. தொண்ணூற்றைந்து கிலோ ஆளுக்கோ, வரிசையிலேயே நீளமான 192 செ.மீ. பென்ட் செட்லரைக் கொடுத்தாலும் சுமை 21 கிராமை ஒட்டியே நிற்கிறது. அதாவது, கனத்த ஆள் மிக அகன்ற பலகையில் நின்றாலும், மெலிந்தவர் மிக ஒடுங்கிய பலகையில் மிதக்கும் அளவுக்கு மிதக்க மாட்டார். கனத்தவர்கள் அகலத்தை மட்டும் கூட்டிவிட்டு, திருப்ப எளிது என்று குட்டையான நீளத்தை வாங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கையால் வாங்கியதை மறு கையால் திருப்பிக் கொடுப்பது அது. 184 செ.மீ.யிலிருந்து 192க்குப் போவது பரப்பில் ஏறக்குறைய நான்கு சதவீதம்.

பரப்பு இவ்வளவு குறைவாகவே மாறுமென்றால், ஏறி நின்றதுமே மூன்றும் மூன்று விதமாக உணரப்படுவது ஏன்? வடிவமும் விறைப்பும்தான் காரணம். 2002இல் வோலான்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்யுலா இதை உலகுக்குக் காட்டிய பலகை. ஆழ்பனி கெட்டிப்பனியைவிடத் தண்ணீரையே ஒத்தது என்று கருதிய பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி, நீர்ச்சறுக்குப் பலகையை மனத்தில் வைத்து அதை வடிவமைத்தார். இடை 125 மி.மீ.; இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்தவை; பக்கவாட்டு வளைவும் வழக்கத்துக்கு நேர்மாறாக, நடுவில் ஒடுங்காமல் அகன்றிருக்கும். பனியைக் கீறித் திரும்பாமல் பனிமேல் வழுக்கித் திரும்பும் பாணி அதிலிருந்துதான் பரவியது. பென்ட் செட்லர் அந்தக் குடும்பத்தின் நேர் வாரிசு. கட்டானா அப்படியல்ல, அது பழைய பந்தயப் பலகையின் குணத்தை அகன்ற உடலில் வைத்திருக்கிறது.

பாணி என்ற கேள்வியை இடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவாகும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவில், சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து உலர்ந்த பனியாகக் கொட்டுகிறது. அங்குள்ள ஆனுபுரி சிகரத்தின் உயரமோ 1,308 மீட்டர்தான். சரிவு பெரும்பாலும் மிதமானது, பிர்ச் மரங்களுக்கு இடையே புகுந்து போக வேண்டும், வேகம் எடுக்க வழியில்லை. பலகைக்கு அடியில் எழும் தூக்குவிசை வேகத்தோடு கூடுவது என்பதால், வேகம் குறைந்த இடத்தில் வடிவமும் பரப்பும்தான் கைகொடுக்கும். காஷ்மீரின் குல்மார்க் வேறு உலகம். கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது, திறந்த பெருஞ்சரிவு, காற்றும் வெயிலும் பட்ட பனி சில மணி நேரத்திலேயே மேலோடு கட்டிவிடும். அங்கே வேகமாக இறங்குகிறவருக்கு மிதப்பு தானாகவே கிடைக்கும், கிடைக்காதது நிதானம். அதைத் தருவது உலோகமும் எடையும்.

அறுபது கிலோ ஆளுக்கு கட்டானாவைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வருவதில்லை. கடையில் வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் முனையைப் பிடித்து இழுத்து, மறு உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். பென்ட் செட்லர் வில்போல வளைந்து கொடுக்கும். கட்டானா முனைப்பக்கம் சற்றே இணங்கும், காலடிப் பகுதியில் அசையாது. மரங்களுக்கு நடுவே மெதுவாகப் போகையில் அதை வளைக்க மெலிந்தவரின் எடை போதாது. வளையாத பலகை அவரைத் தான் போகிற திசைக்கே இழுத்துப் போகும். அவருக்கு 176 செ.மீ. பென்ட் செட்லர் பொருந்தும். ஆனால் காரணம் மிதப்பு அல்ல, எடைக்குறைவும் எளிதாகச் சுழலும் வாலும். கெட்டிப்பனியில் மட்டும் அது சலிப்புத் தரும்: விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், பலகையைச் சாய்த்து நிறுத்தும் பாரம் முழங்காலில் விழும்.

கனத்த ஆள் வேகமாக இறங்குகிறவரானால் கட்டானா 191க்கு இந்த மூன்றில் போட்டியே இல்லை. பென்ட் செட்லரின் மென்மையான முனை, உழப்பட்ட பனியின் கட்டிகளில் மோதும்போது அவர் எடைக்கு மடிந்து கொடுத்து நிலைகுலையச் செய்யும். சிக்கலானவர், கனமாகவும் இருந்து மெதுவாகவும் போகிறவர்தான். அவருக்கு வேகமும் உதவாது, பரப்பும் போதாது. பலர் 120ஐ நோக்கிப் போவார்கள். நான் 194 செ.மீ. பிளாங்கைத்தான் சொல்வேன். பரப்பில் பெரிய இழப்பில்லை, முனை போதிய அளவு எழுந்திருக்கிறது, மடிந்தும் போகாது. எழுபதிலிருந்து எண்பத்தைந்து கிலோவுக்குள் இருந்து, எல்லாப் பனியிலும் ஒரே பலகையோடு காலம் தள்ள விரும்புகிறவருக்கும் 186 செ.மீ. பிளாங்கே போதும்.

எதை எடுத்தாலும், பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கில், கழன்ற பலகை ஓடிவிடாமல் பனியில் ஊன்றி நிறுத்தும் பிரேக்கின் அகலத்தை மறக்கக் கூடாது. 120 மி.மீ. பலகையில் 100 மி.மீ. பிரேக்கைப் பொருத்தினால் அதன் கைகள் ஓரத்தைத் தாண்டிக் கீழே இறங்காது.

வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடிந்தால் காலை முதல் ஓட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முழங்கால் ஆழப் புதுப்பனியில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். மதியத்துக்குப் பிறகு, பலர் உழுதுபோட்ட அதே சரிவில், கால் சோர்ந்த நிலையில் இன்னொரு முறை இறங்கிப் பாருங்கள்.