கச்சதீவுத் திருவிழா வள்ளம்: வயசான ஆக்களோட போறவை ஒருக்கா வாசியுங்கோ

போன தவக்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போட்டு வந்தனான், வள்ளம் எப்பிடி, கால் ஏலாத ஆக்கள் போகலாமோ எண்டு கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன்.

அம்மா போகத்தான் வேணும் எண்டு நிண்டதுக்கு அந்தோனியார் பாதிக் காரணம், மற்றப் பாதி தமிழ்நாட்டுச் சுவாமி (பாதர்) ஒராள். கொரோனா நேரம் ஃபோனில அவற்ற தியானப் பிரசங்கம் கேக்கத் தொடங்கினவ, இப்ப அவற்ற குரல் இல்லாமல் காலமைத் தேத்தண்ணி இறங்காது. அவர் ராமேஸ்வரத்தில இருந்து வாற ஆக்களோட வாறார் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். இந்தியாவுக்குப் போய்ப் பாக்கிறதெண்டா பாஸ்போட், விசா, பிளேன் காசு எண்டு எங்க போறது, கச்சதீவெண்டா அந்தப் பக்கத்து ஆக்களுக்கு விசாவே தேவையில்லை, 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலயே அப்பிடித்தான் கிடக்கு. 285 ஏக்கர் காணி, குடிக்கத் தண்ணி இல்லை, சனமும் இல்லை, ஆனா வருசத்தில ரெண்டு நாள் ரெண்டு கரைச் சனமும் ஒண்டா முழந்தாள்படியிடுற இடம் வேற எங்க இருக்கு.

சரி வள்ளத்துக்கு வருவம். விடியப்புறம் யாழ்ப்பாணத்தில பஸ் ஏறி பண்ணை, வேலணை, புங்குடுதீவு எண்டு குறிகட்டுவான் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் ஏறின தனியார் வள்ளம்தான் (பேர் வேண்டாம்) சரியில்லை. ஆறு மணிக்கு எண்டவை எட்டரைக்குத்தான் கயிறு அவிழ்த்தவை, மேல நிழலுக்கு ஒரு தறப்பாள்கூட இல்லை, டீசல் புகை முழுக்க பின்னால இருந்த எங்களுக்குத்தான், நெடுந்தீவு தாண்ட அலை அடிச்சு உடுப்பெல்லாம் நனைஞ்சு எனக்கு ரெண்டுதரம் சத்தி. அம்மாவுக்கு ஒண்டுமில்லை, செபமாலை சொல்லிக்கொண்டு சும்மா இருந்தா. லைஃப் ஜக்கெட் எல்லாருக்கும் தந்தவை, அதைச் சொல்லத்தான் வேணும்.

தீவில இறங்குற இடம், தண்ணி, சாப்பாடு, மருந்து எல்லாம் இலங்கை நேவின்ர ஏற்பாடுதான். 2016 மார்கழியில திறந்த புதுக் கோயிலைக் கட்டினதும் அவைதான். எங்கட வீட்டில யூனிஃபோமைக் கண்டா அம்மா இண்டைக்கும் கேற்றைச் சாத்துவா, ஏனெண்டு எங்கட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வள்ளத்தால இறங்கேக்க ஒரு சிங்களப் பெடியன், இருபது இருபத்திரண்டு வயசுதான் இருக்கும், "அம்மா அம்மா" எண்டு கையை நீட்டினான். அவ ஒரு நிமிசம் என்னைப் பாத்தா, கடலைப் பாத்தா, பிறகு பிடிச்சா.

கொடியேற்றம், சிலுவைப் பாதை, பூசை, சொரூபப் பவனி எல்லாம் வடிவா நடந்தது, ஒலிபெருக்கி மட்டும் பின்னுக்கு நிண்ட எங்களுக்குச் சரியாக் கேக்கேல்லை. சுவாமியை எங்க தேடியும் காணேல்லை, அவ்வளவு சனம். கடைசியா இரவு சாப்பாட்டுக் கியூவில எங்களுக்கு நாலு ஆள் முன்னால, கையில ஒரு பிளாஸ்டிக் கோப்பையோட, சாரம் கட்டிக்கொண்டு நிக்கிறார்! ஃபோனில பாத்ததை விடக் கட்டை. அம்மா வீட்டில இருந்து பதினொரு வேண்டுதல் ஒற்றையில எழுதிக்கொண்டு வந்தவ, தங்கச்சிக்குக் கலியாணம், என்ர வேலை, மாமான்ர சிறுநீரகம் எண்டு. கிட்டப் போனவுடன அந்த ஒற்றையை எடுக்கவே இல்லை, "சாப்பிட்டீங்களோ சுவாமி?" எண்டுதான் கேட்டவ. மனுசன் சிரிச்சு, "இப்பதாம்மா லைன்ல நிக்கிறேன்" எண்டு தலையில கை வைச்சு செபிச்சார். எனக்குக் கை நடுங்கினதில ஃபோட்டோ எடுக்க ஏலேல்லை, பக்கத்தில சோறு போட்டுக்கொண்டு நிண்ட நேவிப் பெடியன்தான் வாங்கி எடுத்துத் தந்தவன்.

வள்ளத்துக்கு 5க்கு 2, தீவு ஏற்பாட்டுக்கு 4. போறவை பாய், ஒரு தறப்பாள், தொப்பி, சத்திக் குளிசை, டோர்ச் கட்டாயம் கொண்டு போங்கோ, இரவில மணலிலதான் படுக்கை, பனி குளிரும். சாராயம் கொண்டு போக விடமாட்டினம். டொய்லெட் போறதெண்டா பூசை முடிய முதல் போங்கோ, பிறகு கியூவில நிண்டே விடிஞ்சிடும். கால் ஏலாத ஆக்களை வள்ளத்தில நடுவில இருத்துங்கோ, பின்னால வேண்டாம்.

ஃபோட்டோவில சுவாமியின்ர ஒரு பக்கத்தை அந்தப் பெடியன்ர விரல் மறைச்சுப்போட்டுது. வெட்டிப்போட்டு பிரேம் போடுவம் எண்டன், அம்மா அப்பிடியே போடச் சொல்லிட்டா.