பழைய திருமணப் பதிவேடுகளைப் படியெடுக்க: ஃபேமிலிசர்ச்சா, ஃப்ரீரெக்கா?

தன்னார்வலர்கள் பழைய பதிவேடுகளைப் படியெடுக்கும் தளங்களில் ஒன்றான ஃபேமிலிசர்ச்சில் முதல் நான்கு மாதம் பேட்ச் பேட்சாக, அதாவது சில சில பக்கங்களாக, எடுத்துச் செய்தேன். அப்புறம் அதேபோன்ற இன்னொரு தளமான ஃப்ரீரெக்கில் சேர்ந்து, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் திருமணப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்தேன். இப்போது இரண்டாவது பதிவேடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைத்துப் பயனில்லை. இரண்டிலும் கூலி கிடையாது, இரண்டிலும் காசு கட்ட வேண்டாம், இரண்டையும் வீட்டு மேசையிலிருந்தே செய்யலாம். பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கும் பொறுமை மட்டும் வேண்டும். இந்தப் பொதுவான விஷயங்களில் ஒப்பிட எதுவுமில்லை.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்குக் கோவிலும், அதாவது ஒரு வட்டாரத்துக்கான தேவாலயமும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் உத்தரவிட்டார். தொடக்க காலத்துத் திருமணப் பதிவு பெரும்பாலும் ஒரே வரிதான்: தேதி, இரண்டு பெயர்கள், முடிந்தது. 1754 மார்ச் 25 முதல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓலை வாசித்தோ (நடக்கவிருக்கும் மணத்தைக் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பது) உரிமம் வாங்கியோதான் மணம் முடிக்கலாம். மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 1837 ஜூலை 1 முதல் வயது, தொழில், இரு தரப்புத் தகப்பன்மார் பெயரும் தொழிலும் சேர்ந்தன. தாயின் பெயர் சேர 2021 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. இந்தப் பக்கங்களின் படத்தைப் பார்த்து, தேடக்கூடிய எழுத்தாகத் தட்டச்சு செய்வதுதான் தன்னார்வலரின் வேலை. உலகின் எந்த மூலையிலோ இருக்கும் ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் பாட்டியைப் பெயர் போட்டுத் தேடும்போது, நாம் தட்டச்சு செய்ததைத்தான் தேடுகிறார்.

ஃபேமிலிசர்ச் பெரிய கடல். மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை நடத்துவது. அதன் வேர் 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய வம்சவரலாற்றுச் சங்கம். 1938 முதல் மைக்ரோஃபிலிம் எடுத்து வந்தார்கள். ஏறத்தாழ 24 லட்சம் சுருள்களை டிஜிட்டலாக்கும் வேலையை 2021இல் முடித்தார்கள். அதில் படியெடுப்பவருக்கு வருவது ஒரு பேட்ச், அதாவது சில பக்கப் படங்களும் நிரப்ப வேண்டிய கட்டங்களும். உலாவியிலேயே வேலை நடக்கும், எதையும் நிறுவ வேண்டாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருப்பார்கள். புரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அரை மணி நேரம் கிடைத்தால் ஒரு பேட்ச் முடியும். அதை அனுப்பியபின் இன்னொருவர் பார்த்துச் சரிபார்ப்பார்.

ஃப்ரீரெக் சின்னக் குளம். ஃப்ரீ யூகே ஜீனியாலஜி என்ற தொண்டு அமைப்பின் மூன்று திட்டங்களில் ஒன்று. பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைகளைப் படியெடுக்கும், 1998இல் தொடங்கிய ஃப்ரீபிஎம்டி இதன் உடன்பிறப்பு. சிண்டிகேட் என்று அவர்கள் சொல்லும் குழு ஒன்றில் சேர வேண்டும், ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், அவரிடமிருந்து பதிவேட்டின் படங்கள் வரும். நாம் அதை விரிதாளிலோ அதற்கென உள்ள மென்பொருளிலோ தட்டச்சு செய்து, கோப்பாகத் தளத்தில் ஏற்ற வேண்டும். முதல் கோப்பை ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு நெடுவரிசை நகர்ந்து, மணமகளின் ஊரெல்லாம் மணமகனின் தொழிலாகிவிட்டது. தவறு என்னுடையதுதான், ஆனால் பேட்ச் முறையில் இப்படி ஒரு தவறு செய்யவே வழியில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதுவரை பார்த்தால் ஃபேமிலிசர்ச்தான் முந்துகிறது, இல்லையா? என் மனம் மாறியது ஒரே ஒரு காரணத்தால்: திரும்பிப் போய்த் திருத்துவது.

பழைய கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, ஆளை வைத்துப் படிக்கிறோம். ஒரு குருவானவர் இருபது வருடம் ஒரே கோவிலில் இருந்திருப்பார். அவருடைய பெரிய எல்லும் எஸ்ஸும் ஒரே மாதிரி வளைந்திருக்கும். டி எது, எஃப் எது என்று பிரம்மனுக்கே தெரியாது. ஜேம்ஸைச் சுருக்கி மூன்றெழுத்தாக எழுதுவார், ஜோசப்பையும் மூன்றெழுத்தாக எழுதுவார். நடுவில் இருப்பது ஏ-வா ஓ-வா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் கிளையே நிற்கும். இதெல்லாம் முதல் பத்துப் பக்கத்தில் பிடிபடாது. ஐம்பதாவது பக்கத்தில் அந்த மனிதர் நமக்குப் பழகிவிடுவார். பழகியபின் முதல் பத்துப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தால் முகம் சிவக்கும்.

எனக்கு நடந்தது இதுதான். 1813க்கும் 1837க்கும் இடைப்பட்ட பதிவேடு. அச்சடித்த படிவம், வழக்கம்போல் பக்கத்துக்கு மூன்று திருமணம். தொடக்கத்திலேயே லேயர் என்று ஒரு குடும்பப் பெயர் வந்தது. அப்படிப் பெயர் உண்டு, ஆகவே சந்தேகமே வரவில்லை. நான்கு இடத்தில் அப்படியே தட்டினேன். அறுபது பதிவு தாண்டியபின் அதே பெயரில் ஒரு மணமகன் வந்தார். குருவானவர் எழுதியது வழக்கம்போல் வளைந்து கிடந்தது. ஆனால் கீழே மணமகன் தன் கையால், பள்ளிப் பிள்ளை மாதிரி அழுத்தந்திருத்தமாக, சேயர் என்று கையெழுத்திட்டிருந்தார். லேயர் அல்ல, சேயர். நான்கு பதிவையும் போய் மாற்றினேன். முந்தைய மூன்றிலும் மாப்பிள்ளைகள் தற்குறிதான், அதாவது பெயருக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. நான்காவதில் அந்தப் பெயர் பெண்ணுடையது, அவளும் தற்குறிதான். அவர்கள் பக்கத்தில் மட்டும் நின்று பார்த்தால் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் விடை கிடைத்திருக்காது.

பேட்ச் முறையில் இந்த நான்கு பதிவும் எப்போதோ என் கையைவிட்டுப் போயிருக்கும். சேயரின் கையெழுத்து இருக்கும் பக்கம் வேறொரு தன்னார்வலருக்குப் போயிருக்கும். அவர் சரியாகவே எழுதியிருப்பார். என்னுடையதைச் சரிபார்க்கிறவருக்கும் என் முன் இருந்த அதே சில பக்கங்கள்தான். முன்பக்கம், பின்பக்கம் பார்க்க வசதி உண்டுதான், அது ஆண்டுத் தலைப்பைத் தேடிப் பிடிக்க நன்றாக உதவும். ஐம்பது பக்கம் தள்ளியிருக்கும் விடைக்கு அது உதவாது.

ஃப்ரீரெக்கில் கோப்பு என் பெயரிலேயே இருக்கிறது. ஏற்றி ஆறு மாதம் ஆன பின்னும் திருத்தி மறுபடி ஏற்றலாம். தேடுகிறவர் பிழையைப் பார்த்தால் அந்தப் பதிவின் பக்கத்திலிருந்தே தெரிவிக்கலாம். அந்தத் தகவல் கோப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு வரும். படியெடுத்தவன், பிழை, திருத்தம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எனக்கு இதுவரை ஒரு திருத்தம் வந்திருக்கிறது. ஒரு விதவையைக் கன்னி என்று போட்டிருந்தேன். ஒற்றைச் சொல்தான், ஆனால் அவளுக்கு முந்தைய கணவன் ஒருவன் இருந்தான் என்ற தடமே அதில்தான் இருந்தது.

சந்தேகத்தை எழுதும் விதமும் இதோடு சேர்ந்தது. கண்டதை எழுது, ஊகித்ததை எழுதாதே என்பது ஃப்ரீரெக்கின் அடிப்படை விதி. ஓர் எழுத்து புரியாவிட்டால் கீழ்க்கோடு, பல எழுத்து புரியாவிட்டால் நட்சத்திரம், இரண்டில் ஒன்று என்றால் இரண்டையும் சதுர அடைப்புக்குள். ஃபேமிலிசர்ச்சிலும் ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி, பலவற்றுக்கு நட்சத்திரம் உண்டு. ஆனால் 'எல் அல்லது எஸ்' என்று இரண்டையும் பதிவு செய்யும் அந்த அடைப்புக்குறி எனக்குப் பிடித்துப்போனது. இப்போது சேயரைப் போல ஒன்று வந்தால் முதல் வாசிப்பில் அடைப்புக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். புத்தகம் முடிந்தபின் அடைப்புகளை மட்டும் தேடிப் பிடித்து இரண்டாவது சுற்று.

முழுப் புத்தகமாகப் பார்ப்பதில் இன்னொரு லாபம் சாட்சிகள். ஃபேமிலிசர்ச்சில் திட்டம் கேட்கும் தகவல்களை மட்டும் நிரப்ப வேண்டும். நான் செய்தவற்றில் சாட்சிகளைக் கேட்கவில்லை. ஃப்ரீரெக்கில் சாட்சிகளுக்கு இடமுண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சாட்சி என்றால் அண்ணனோ மாமனோ என்று துள்ளுவார்கள். பல சமயம் உண்மைதான். ஆனால் என் பதிவேட்டில் ஒரே பெயர் பதினெட்டு வருடம் ஏறக்குறைய எல்லாத் திருமணத்திலும் இரண்டாவது சாட்சி. அவர் அந்தப் பங்கின் கிளார்க், நம் கோவில்பிள்ளை மாதிரி. எந்தக் குடும்பத்துக்கும் உறவில்லை, அன்று கோவிலில் இருந்தவர், அவ்வளவுதான். ஒரே ஒரு பதிவைப் பார்க்கிறவர் அவரை மாமா ஆக்கிவிடுவார்.

சரி, எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் முழுப் புத்தகத்தையும் எடுத்தால், அவர் தவறாகப் பழகிய எழுத்து முழுப் புத்தகத்துக்கும் பரவும். சேயர் கையெழுத்திடாமல் இருந்திருந்தால் என் லேயர்கள் இன்றும் லேயர்களாகவே இருந்திருப்பார்கள். என் ஒருங்கிணைப்பாளர் சில பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார், அவரும் அதைப் பிடிக்கவில்லை. இன்னொரு கண் கட்டாயம் பார்க்கும் என்ற உறுதி பேட்ச் முறைக்கு வலு. தவிர, ஃபேமிலிசர்ச்சின் பல அட்டவணைகளில் இப்போது தேடுகிறவரே பெயரைத் திருத்தலாம். பழைய வாசிப்பும் அழியாமல் கூடவே நிற்கும். என் மாதிரி ஆட்களின் பிழைக்கு அங்கும் மருந்து உண்டு. அதைத் தருகிறவர் நானாக இருக்க மாட்டேன், அவ்வளவுதான். படத்தைத் தேடுகிறவருக்கே காட்டும் வசதியும் பல தொகுப்புகளில் அங்கே உண்டு. ஃப்ரீரெக்கில் கிடைப்பது எழுத்து மட்டும். மூலத்தைப் பார்க்க ஆவணக்காப்பகத்தையோ வேறு தளத்தையோ நாட வேண்டும்.

கணினியே கையெழுத்தைப் படிக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் வரும். 2024இல் ஃபேமிலிசர்ச் முழு உரைத் தேடலை வெளியிட்டது. முதலில் வந்தவை அமெரிக்க நில, உயில் ஆவணங்களும் மெக்சிகோ நோட்டரி ஆவணங்களும். அதில் நான் விளையாடிப் பார்த்தது ஒரு மாலை நேரம்தான், ஆகவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 1754க்கு முந்தைய, லத்தீன் கலந்த பதிவுகளிலும் என் அனுபவம் மெலிசு: ஒரே ஒரு பேட்ச். குலியெல்மஸ் என்றால் வில்லியம், யாக்கோபஸ் என்றால் ஜேம்ஸ் என்று பட்டியல் பார்த்துத்தான் ஓட்டினேன். ஒன்றை மட்டும் கண்ணாலேயே கற்றேன். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே 1720 டிசம்பருக்குப் பிறகு வரும் பிப்ரவரியும் பதிவேட்டில் 1720தான். அதை 1720/21 என்று இரட்டையாக எழுதாவிட்டால் மணமான ஆண்டு ஒன்று குறைந்து, பேரன் தேடும் பக்கம் தப்பிவிடும்.

மூன்றாவதாக ஆன்லைன் பாரிஷ் கிளார்க் என்ற ஏற்பாடும் உண்டு. கார்ன்வாலில் தொடங்கியது. ஒரு தன்னார்வலர் ஒரு பங்கையே தத்தெடுத்து அதன் எல்லாப் பதிவுகளையும் கவனிப்பார். நான் செய்ததில்லை; ஒரே ஊரில் வருடக்கணக்காக வேர் விட நினைப்பவர்களுக்கு அது ஃப்ரீரெக்கைவிடவும் பொருந்தலாம்.

யாருக்கு எது? வாரத்துக்கு அரை மணி நேரம்தான், அதுவும் எந்த நாள் என்று நிச்சயமில்லை என்றால் ஃபேமிலிசர்ச். பழைய கையெழுத்தையே பார்த்திராதவருக்கும் முதல் சில வாரம் அதுதான் நல்ல பள்ளிக்கூடம். நானும் அங்கேதான் எழுத்துக் கூட்டக் கற்றேன். வாரம் மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்க முடியும், பாதியில் விட மாட்டேன் என்பவருக்கு ஃப்ரீரெக். முதல் பதிவேடாக 1813க்குப் பிந்தைய அச்சுப் படிவப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். மணமக்களின் சொந்தக் கையெழுத்து அதில் இருக்கும், குருவானவர் குழப்பும்போது அதுதான் கைகொடுக்கும். ஓலைப் பதிவேட்டை முதலில் எடுக்காதீர்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்ததாலேயே திருமணம் நடந்தது என்று ஆகாது, மணமக்கள் வேறு வேறு பங்கு என்றால் இரண்டு பங்கிலும் வாசித்திருப்பார்கள். எது பதிவு, எது நகல் என்று தலை சுற்றும்.

என் முதல் பதிவேட்டில் முப்பத்தோரு அடைப்புக்குறி இருந்தது. இரண்டாவது சுற்றில் இருபத்தாறு தீர்ந்தன. மிச்சம் ஐந்து அடைப்புக்குள்ளேயே இருக்கின்றன.