வசனமா, பயிற்சித்தாளா? மனச்சோர்வுக்கான கிறிஸ்தவப் புத்தகங்கள்

மனச்சோர்வில் இருக்கும் ஒரு விசுவாசிக்குப் பெரும்பாலும் மூன்று வகைப் புத்தகங்கள் கிடைக்கும்: ஊக்கமூட்டும் கிறிஸ்தவ நூல், மதம் பேசாத சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) பயிற்சி நூல், இரண்டையும் கலந்தது.

முதல் வகையை நண்பர்களே பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். பழகிய வசனம், பழகிய மொழி. படிக்கும்போது ஆறுதல் கிடைப்பது உண்மைதான். ஆனால் நோயை விசுவாசக் குறைவாகவோ பாவத்தின் விளைவாகவோ பார்க்கும் போக்கும் இங்கேதான் அதிகம். 1970இல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் எழுதிய ஆலோசனை நூல் இந்தப் பார்வையைப் பரவலாக்கியது. குற்றவுணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. 'இன்னும் ஜெபி' என்று மட்டும் சொல்லும் புத்தகம் அந்தக் குற்றவுணர்வைக் கூட்டத்தான் செய்யும்.

இரண்டாம் வகையில் பெயர்பெற்றது, மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980இல் வெளியிட்ட 'ஃபீலிங் குட்'. ஆய்வுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட சில சுய உதவி நூல்களில் இதுவும் ஒன்று. எண்ணங்களை எழுதி, ஆதாரம் தேடி, திருத்தி எழுத வேண்டும். உழைப்பு கேட்கும், எழுந்து குளிக்கவே முடியாதவருக்கு இது மலைப்பாக இருக்கும். 'தேவன் என்னைக் கைவிட்டாரா?' என்பவருக்கு இதில் பதிலும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 'நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்ற பிலிப்பியர் வசனத்தைக் கட்டளையாக மட்டும் படித்தால், கவலைப்பட்டதற்காகவும் கவலைப்பட வேண்டிவரும். நல்ல கலப்பு நூல், நான்காம் அதிகாரத்தில் அதைத் தொடர்ந்து வரும் 'சிந்தித்துக்கொண்டிருங்கள்' என்பதைப் பயிற்சியாக மாற்றும். 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்ட எலியாவுக்கு, தூதன் முதலில் கொடுத்தது சாப்பாடு, பிரசங்கம் அல்ல. இதையும் சுட்டிக்காட்டும். உளவியலாளர் ரெபெக்கா ப்ராப்ஸ்டின் 1992 ஆய்வில் விசுவாசிகளுக்கு மதம் சார்ந்த சிபிடி பலன் தந்தது. மதப்பற்று இல்லாத சிகிச்சையாளர்கள் நடத்தியபோதும்கூட. ஆனால் அது நேரடி சிகிச்சை. புத்தகத்துக்கும் அதே பலன் என்று கொள்ள முடியாது. வாரம் ஒருமுறை யாராவது கூட இருந்து பயிற்சிகளைச் சரிபார்த்தால் நல்லது. விசுவாசம் இல்லாதவரிடம் இதைத் திணிக்கவும் கூடாது.

வாங்குமுன் மாத்திரை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். நிறுத்தச் சொன்னால் அந்த நூல் வேண்டாம். தற்கொலை எண்ணம் இருந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, எந்த வகைப் புத்தகமும் போதாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.